காவல் நாய் நலமாயிருக்க நடையும் சீப்பும்

கறவை மாட்டைக் குளிப்பாட்டுகிறோம். உழவு மாட்டுக்கு லாடம் கட்டுகிறோம். ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றுகிறோம். ஆனால் இரவெல்லாம் விழித்திருந்து பட்டியையும் மோட்டார் கொட்டகையையும் காக்கும் நாய்க்கு என்ன செய்கிறோம்? பெரும்பாலான தோட்டங்களில் அதற்குக் கிடைப்பது ஒரு சங்கிலியும், ஒரு வட்டில் மீந்த சோறும்தான். நாய் தீனி எடுக்காமல் படுத்த பிறகுதான் அதன் அருகில் போய்ப் பார்க்கிறோம். பல சமயம் அதற்குள் காலம் கடந்து விடுகிறது.

நாயை நடத்திக் கூட்டிப் போவதும், ரோமத்தைச் சீவி விடுவதும் பட்டணத்துப் பங்களாக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. நடை, நாயின் உடலையும் குணத்தையும் கெடாமல் வைக்கிறது. சீவும்போது நம் கை நாயின் உடம்பு முழுவதும் ஒரு சுற்றுப் போய் வருகிறது. உண்ணி, புண், கட்டி, காய்ச்சல், முள் ஆகிய எல்லாம் கண்ணுக்குப் படுவதற்கு முன் கைக்குப் படும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. காலையும் மாலையும் சிறிது நேரம் ஒதுக்கினால் போதும்.

நம் நாட்டு நாய்களின் உடல்வாகு

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் பெயர் பெற்ற நாய் இனங்கள். ராஜபாளையம் நாயின் படத்துடன் 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. இந்த நாய்கள் வேட்டைக்கும் காவலுக்குமென்று தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு என்று ஓடுவதற்காக அமைந்த உடல் அவற்றுக்கு. தெருவில் பிறந்து நம் தோட்டத்தில் வளரும் நாட்டு நாயும் ஓடித் திரியப் பிறந்ததுதான்.

இப்படிப்பட்ட பிராணியை நாலு முழச் சங்கிலியில் நாள் முழுவதும் கட்டி வைத்தால் என்ன ஆகும்? தொடைத் தசை வற்றும், அல்லது உடல் கொழுக்கும். தரையில் தேயாத நகம் வளைந்து நீளும். ஒரே இடத்தில் கிடப்பதால் முழங்கையில் காய்ப்புக் காய்த்துப் புண்ணாகும். வேலையில்லாத நாய் தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக் கொள்ளும்.

குணமும் கெடும். ஓயாமல் குரைக்கும் நாயின் குரலை வீட்டார் காதில் வாங்குவதில்லை. உண்மையாகவே திருடன் வந்து குரைத்தாலும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை. பயமும் வெறுப்பும் ஏறிய நாய், சங்கிலி அறுந்த அன்று பக்கத்துத் தோட்டத்துக் குழந்தையைக் கடிக்கிறது. ‘கட்டி வைத்தால்தான் நாய்க்குக் கோபம் வரும், கோபம் இருந்தால்தான் காவல் காக்கும்’ என்பது தவறான எண்ணம். நல்ல காவல் நாய் ஆள் அடையாளம் தெரிந்தது, சொல் கேட்பது. அந்தப் பழக்கம் எஜமானனோடு நடக்கும்போதுதான் வருகிறது.

எப்போது, எவ்வளவு நடை?

வளர்ந்த, நோயில்லாத நாய்க்குக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடை போதுமானது. தண்ணீர் பாய்ச்சப் போகும்போதும், வரப்பைச் சுற்றிப் பார்க்கப் போகும்போதும் நாயைக் கயிற்றில் பிடித்து உடன் அழைத்துப் போகலாம். இதற்கென்று தனி வேலை நேரம் தேவைப்படாது. கயிறு ஐந்தாறு அடி இருக்கட்டும். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டியின் பட்டையை வாரம் ஒரு முறை தளர்த்திப் பாருங்கள். கவனியாமல் விட்டால் கயிறு தோலுக்குள் இறங்கிப் புழு வைத்துவிடும்.

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. ஆகையால் வெயில் காலத்தில் சூரியன் ஏறுமுன்பும், அடங்கிய பிறகும் மட்டுமே நடத்த வேண்டும். தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி பொறுக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது.

மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் ஒழுகி, ஈறு சிவந்து, நாய் தள்ளாடினால் அது வெப்ப அயர்ச்சி. உடனே நிழலுக்குக் கொண்டு வந்து உடல் முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைக்கக் கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். நினைவுள்ள நாய்க்குச் சிறிது சிறிதாகக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

வயிறு நிறையத் தின்ற உடனே நாயை ஓட விடக்கூடாது. ஆழ்ந்த மார்புள்ள ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நாய்களில் வயிறு காற்றால் உப்பித் திருகிக் கொள்வதுண்டு. அப்படி ஆனால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நடை முடிந்து ஒரு மணி நேரம் இளைப்பாறிய பிறகு தீனி வைப்பதே நல்ல முறை. ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு வேளையாகப் பிரித்து வையுங்கள்.

குட்டியை நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம். வளரும் எலும்பும் மூட்டும் தாங்காது. ஒரு வயது வரை அதன் விருப்பப்படி விளையாட விட்டாலே போதும். கிழட்டு நாயைக் கொஞ்ச தூரமாக, இரண்டு மூன்று தடவை நடத்தலாம். சைக்கிளிலும் மொபெட்டிலும் கட்டி இழுத்துக் கொண்டு போவது அறவே கூடாது. நாயால் நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது. பாதத்தின் தோல் உரிந்துவிடும்.

பூச்சிமருந்து தெளித்த வயலுக்குள் சில நாட்களுக்கு நாயை விடாதீர்கள். காலில் ஒட்டிய மருந்தை நாய் நக்கி விழுங்கும். எலி மருந்து வைத்த வரப்பிலும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்று ஓரத்திலும் கயிற்றை விடக்கூடாது.

பகலில் கட்டியே ஆக வேண்டுமானால்

ஆள் நடமாட்டம் உள்ள தோட்டத்தில் பகலில் நாயை அவிழ்த்துவிட முடியாதுதான். அதற்கு ஓடுகம்பி ஒரு நல்ல ஏற்பாடு. நிழலான இடத்தில் முப்பது நாற்பது அடி இடைவெளியுள்ள இரண்டு மரங்களுக்கிடையே, தலைக்கு மேல் உயரத்தில் உறுதியான இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். கம்பியில் ஒரு இரும்பு வளையத்தைக் கோத்து, அதில் சங்கிலியை மாட்டுங்கள். நாய் கம்பி நெடுகிலும் ஓடித் திரும்பலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை ஐந்து. சங்கிலி, நாய் தரையில் வசதியாகப் படுக்கும் அளவு நீளமாக இருக்க வேண்டும். சங்கிலி மரத்தைச் சுற்றிக் கொள்ளாதபடி இரு முனையிலும் மரத்துக்குச் சில அடி முன்பே கம்பியில் ஒரு தடுப்பு முடிச்சுப் போட வேண்டும். சங்கிலி முறுக்கிக் கொள்ளாமலிருக்கச் சுழலும் கொக்கி வேண்டும். வேலி, சுவர், கிணறு ஆகியவற்றின் அருகில் கம்பி கட்டவே கூடாது. நாய் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் தொங்கி உயிரை விட்டுவிடும். குடிக்கத் தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓடுகம்பி இருந்தாலும் காலை மாலை நடையை நிறுத்தக் கூடாது. இரவில் வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள்.

சீவும் முறை

மாலை நடை முடிந்ததும் பத்து நிமிஷம் சீவலாம். நம் நாட்டு நாய்களுக்கு ரோமம் குட்டை. ஒரு ரப்பர் பிரஷ்ஷோ, முரட்டுத் துணியோ போதும். ரோமம் நீண்ட வெளிநாட்டு நாய் வைத்திருப்பவர்கள் அகலப் பல் சீப்பால் தினமும் சிக்கு எடுக்க வேண்டும். சிக்கின் அடியில் ஈரம் தங்கிப் புண் வரும்.

கழுத்திலிருந்து வால் நோக்கி, ரோமம் படிந்த திசையிலேயே தேய்க்க வேண்டும். ஒரு கை தேய்க்கும்போது மறு கையின் விரல்கள் தோலைத் தடவிக்கொண்டே பின்னால் வரட்டும். காதின் உள்மடல், கழுத்துப் பட்டையின் அடி, அக்குள், தொடை இடுக்கு, வால் அடி, விரல் இடுக்கு ஆகிய ஆறு இடங்களையும் தவறாமல் பாருங்கள். உண்ணி ஒளிந்து கொள்ளும் இடங்கள் இவைதான். விரல் இடுக்கில் நெருஞ்சி முள்ளும், கருவேல முள்ளும், ஒட்டுப்புல்லின் கூரும் ஏறியிருக்கும். அன்றன்றே எடுத்துவிட்டால் சீழ் பிடிக்காது.

முதன்முதலாகப் பழக்கும்போது நாய் விலகும், உறுமும். பலவந்தம் செய்யாமல் முதல் சில நாள் முதுகை மட்டும் தேய்த்து, ஒரு துண்டு கருவாடோ முட்டையோ கொடுத்துப் பழக்குங்கள். குட்டியிலேயே தொடங்கினால் சிரமமே இல்லை.

உண்ணி என்னும் எமன்

நாய் உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. இரத்தத்தில் நோய்க் கிருமிகளையும் செலுத்திவிடுகிறது. எர்லிக்கியா, பபீசியா என்னும் கிருமிகளால் வரும் காய்ச்சல்கள் நம் பகுதி நாய்களிடம் அடிக்கடி காணப்படுகின்றன. தீனி எடுக்காமை, காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்தல் ஆகியவை அடையாளங்கள். எர்லிக்கியாவில் மூக்கிலிருந்து இரத்தம் வடியலாம். பபீசியாவில் சிறுநீர் காப்பி நிறத்தில் போகலாம். ஆரம்பத்திலேயே கொண்டு போனால் மருந்தால் குணப்படுத்தலாம். முற்றிய பின் பிழைப்பது அரிது.

கையில் அகப்பட்ட உண்ணியை நகத்தால் நசுக்காதீர்கள். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ மண்ணெண்ணெய் உள்ள பாட்டிலிலோ போட்டு மூடுங்கள். பீடி நெருப்பால் சுடுவதும், நாயின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தவறு.

நாயின் மேல் நாம் காண்பது உண்ணிக் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் தீனியில்லாமலே பல வாரம் காத்திருக்கும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. நாய் படுக்கும் இடத்தின் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். படுக்கைச் சாக்கை வாரா வாரம் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துங்கள், அல்லது எரித்துவிட்டு வேறு சாக்கு போடுங்கள்.

ஒரு மாதமோ மூன்று மாதமோ பலன் தரும் உண்ணி மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. நாயின் எடைக்கேற்ற மாத்திரையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

செய்யக் கூடாத வைத்தியம்

நாய்க்குச் சொறியோ உண்ணியோ வந்தால் கையில் கிடைத்ததைப் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய என்ஜின் ஆயில் பூசுகிறார்கள். நாய் அதை நக்கும், ஈரலும் குடலும் கெடும். முன்பு பி.எச்.சி. பொடியைத் தூவுவார்கள். அந்த மருந்து 1997ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பயிருக்கு வாங்கிய எந்தப் பூச்சிமருந்தையும் நாயின் மேல் தெளிக்கக் கூடாது. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையும் ஊசி மருந்தையும் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. மாட்டின் அளவு நாய்க்கு விஷமாகும். புழுப்புண்ணில் பினாயில் ஊற்றுவதும் ஆபத்து. நாம் சாப்பிடும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள்.

காது, நகம், ஈறு

வாரம் ஒரு நாள் இந்த மூன்றையும் பாருங்கள். காது நாறினாலோ, கறுப்பு அழுக்கு திரண்டாலோ, நாய் தலையை ஓயாமல் உதறினாலோ காதில் நோய் இருக்கிறது. குச்சியை உள்ளே விடாமல் வெளி மடலை மட்டும் பஞ்சால் துடைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நடக்கும்போது நகம் தரையில் ‘டக் டக்’ என்று கேட்டால் அது நீண்டுவிட்டது. நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்குங்கள். உள்ளே இரத்தக் குழாய் ஓடுகிறது, அதை வெட்டிவிடக் கூடாது. முன்னங்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாத ஒரு நகம் உண்டு. அது தேயாமல் வளைந்து சதைக்குள் குத்தும். இந்த நகத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். ஈறு காகிதம் போல வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்று நம்பிவிட வேண்டாம். நாயின் இயல்பான சூடு ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். தெர்மாமீட்டர்தான் சரியான சாட்சி.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாய் திடீரென்று குணம் மாறி, குரல் கம்மி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுக்கினால் ‘தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது’ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கக் கூடும். கடிக்காவிட்டாலும், கையிலுள்ள சிறு கீறல் வழியே எச்சில் மூலம் நோய் ஏறிவிடும். நாயைத் தனியே அடைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

குளியல்

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டினால் போதும். அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய்ப் பசை போய் அரிப்பு வரும். துணி சோப்பு வேண்டாம். நாய்க்கென்று விற்கும் ஷாம்பு நல்லது. காதில் பஞ்சு வைத்து, வெயில் உள்ள நேரத்தில் குளிப்பாட்டி, சோப்பு நுரை தங்காமல் அலசித் துவட்டுங்கள். வாய்க்காலில் நீந்த விட்டாலும் பிறகு விரல் இடுக்கைத் துடைத்துவிட வேண்டும்.

தடுப்பூசியும் கை கழுவுதலும்

எவ்வளவு சீவினாலும் தடுப்பூசிக்கு அது ஈடாகாது. வெறிநோய்த் தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும்படி வருடந்தோறும் போட வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கு ஆறு முதல் எட்டாம் வாரத்திலிருந்து தொடர்ச்சியாக ஊசி உண்டு. வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மருந்து அவசியம்.

ஆடு வைத்திருப்பவர்கள் மற்றொன்றையும் அறிய வேண்டும். ஆடு அறுத்த இடத்தில் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போட்டால், அதிலுள்ள நீர்க்கட்டியிலிருந்து நாயின் குடலில் ஒருவகை நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் மலத்தில் வெளிவந்து, ரோமத்திலும் ஒட்டி, நம் கை வழியே வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்க்கட்டி உண்டாகும். ஆகவே கழிவு உறுப்புகளைப் புதைத்துவிடுங்கள். நாயைச் சீவிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றைத் தொடாதீர்கள். குழந்தைகளுக்கும் இதைப் பழக்குங்கள்.

எந்த நாய் கடித்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றைச் சுற்றிப் போடும் பழைய ஊசி இப்போது இல்லை, பயப்படத் தேவையில்லை. வெறிநோய் வெளிப்பட்ட பின் காப்பாற்ற வழி இல்லை. எனவே ஊசிகளை நடுவில் நிறுத்தாமல் முழுவதும் போட்டுக் கொள்ளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. காலை அரை மணி, மாலை அரை மணி நடை. வெயிலில் வேண்டாம். தீனிக்குப் பின் உடனே ஓட்டம் வேண்டாம்.

2. பகலில் கட்ட வேண்டுமானால் நிழலில் ஓடுகம்பி. வேலிக்கும் கிணற்றுக்கும் அருகில் கூடாது.

3. தினம் பத்து நிமிஷம் சீவல். காது, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வால் அடி, விரல் இடுக்கு ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்தல்.

4. உண்ணியை இடுக்கியால் எடுத்து, படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்தல்.

5. என்ஜின் ஆயில், பயிர் மருந்து, மாட்டு மருந்து, நம் மாத்திரை எதுவும் நாய்க்குக் கூடாது.

6. வருடம் ஒரு முறை வெறிநோய்த் தடுப்பூசி. சீவியபின் கை கழுவுதல்.

இன்று மாலை தோட்டத்துக்குப் போனதும், முதல் வேலையாக உங்கள் நாயின் காது மடலைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு உண்ணி இருந்தாலும், இன்றே தொடங்க வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது.